அர்த்தநாரியின் ஆயிரத்து இருநூத்தம்பது சிசி

அந்த ஆளு மைதானத்துக்குள்ள நடந்து வந்தப்ப, ஆர்டிஓ ஆபீசுக்கு ஏதோ புது மெஷின் வருதுன்னுதான் நெனச்சேன்.

மே மாசம், காலையில பத்து மணி வெயில். அதுல மனுசன் முழங்காலுக்கு ஒரு ஓடு, முழங்கைக்கு ஒரு ஓடு, முதுகுல ஆமையாட்டம் ஒரு பெரிய ஓடு மாட்டிக்கிட்டு வர்றாரு. கெண்டைக்கால் வரைக்கும் பூட்ஸ். கையில ஒரு ஹெல்மெட்டு, அதுக்கு நெத்தியில குருவி மூக்காட்டம் ஒரு நீட்டல். அடிக்கு அடி 'கிறீச் கிறீச்'னு சத்தம். வயசு ஐம்பத்தஞ்சு இருக்கும். டவுன் பஸ்ஸுல இருந்து எறங்கி வந்தத நாங்க எல்லாருமே பார்த்தோம். பார்த்ததை அவரும் பார்த்தாரு. ஆனா சட்டை பண்ணல.

நான் மேனகா. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துல எங்க ஊரு. ஒரு கூரியர் கம்பெனியில வண்டியில போய் பார்சல் குடுக்குற வேலை கெடைச்சிருந்துச்சு. திங்கக்கெழமைக்குள்ள டெஸ்ட்டுல பாஸான சீட்டைக் காட்டினாத்தான் சேர்த்துக்குவாங்க, இல்லைன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்குவாங்க. ஏற்கெனவே ரெண்டு தடவை எட்டு போட்டு, ரெண்டு தடவையும் காலை ஊணிட்டேன். மொத வளைவுல வண்டி சாஞ்சதுமே என் காலு என்னைக் கேக்காம தரைக்குப் போயிரும். அன்னைக்கு மூணாவது தடவை.

எனக்கு இந்தப் பக்கம் திலகவதி டீச்சர் உக்காந்திருந்தாங்க. கணக்கு டீச்சரா இருந்து போன வருசம் ரிட்டயர் ஆனவங்க, இப்பத்தான் ஸ்கூட்டர் கத்துக்கிறாங்க. அந்தப் பக்கம் எனக்கு வண்டி கத்துக்குடுத்த டிரைவிங் ஸ்கூல் செழியன் அண்ணன். இன்ஸ்பெக்டர் மேடம் வர பதினோரு மணி ஆகும்னு சொல்லிட்டாங்க. அந்த ஆளு நேரா வந்து எங்க பெஞ்சுல நடுவால உக்காந்தாரு. ஓடெல்லாம் சிமெண்டுல பட்டு டமடமன்னுச்சு.

"ஏனுங்க, என்ன வண்டிங்க?"ன்னு செழியன் அண்ணன் வாயைக் குடுத்துட்டாரு.

"அட்வெஞ்சர் டூரருங்க. ஆயிரத்து இருநூத்தம்பது சிசி. பேரு அர்த்தநாரி."

"வண்டி பேரா?"

"என் பேருங்க. வண்டிக்கு நான் பேரு வெக்கல. பேரு வெச்சா, கூப்பிட்டதும் ஓடி வந்து நிக்கும். ஊரு தாங்காது."

இருபது வருசம் வடக்க ரிக் வண்டியில ஆழ்துளைக் கிணறு, அதான் போர், போட்டவராம். நாலு வார்த்தை பேசுறதுக்குள்ள எனக்குப் புரிஞ்சுபோச்சு, பூமிய ஆயிரம் அடி தோண்டுன வாய் இது, லேசுல நிக்காது.

"என்ன வெலைங்க?"ன்னாரு செழியன் அண்ணன்.

"அதை மட்டும் கேக்காதீங்க. ஒருத்தரு கேட்டாரு, நான் சொல்லக்கூட இல்ல, சொல்லலாம்னு வாயைத் தெறந்தேன், அதுக்கே மயங்கி விழுந்துட்டாரு."

"லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?"

"குடுக்காதுங்க. வாங்கும்." மூச்சு விட்டுட்டு எங்க பக்கம் திரும்புனாரு. "இந்த மாதிரி வண்டி வெச்சிருக்கிறவன் பாவப்பட்டவனுங்க. எங்க நின்னாலும் கூட்டம். ஆட்டோக்காரரு, பூக்காரம்மா, டிராபிக் போலீசு, எல்லாருக்கும் ஒரே கேள்விதான். வெலை என்ன, எவ்வளவு குடுக்கும், லடாக் போனீங்களா? பவானி சிக்னல்ல நின்னு ஒருக்கா எல்லாருக்கும் பதில் சொன்னேன். முடிச்சு நிமிர்ந்து பார்த்தா, சிக்னல் கம்பத்துல பெயிண்டு உதிர்ந்து கெடக்குது."

"லடாக் போனீங்களா?" இது டீச்சர்.

"நான் எதுக்குங்க டீச்சர் போகணும்? வண்டியப் பார்க்க லடாக்குல இருந்து ரெண்டு மலை வந்துட்டுப் போச்சு."

டீச்சர் கண்ணாடியக் கழட்டித் தொடைச்சு மறுபடி மாட்டுனாங்க. அவரு கையில மடிச்சு வெச்சிருந்த காகிதத்தை நல்லா உத்துப் பார்த்தாங்க. "ஏனுங்க, அது எல்எல்ஆர்தானே? பழகுறவங்க வெச்சிருக்கிறது. இவ்வளவு பெரிய வண்டி ஓட்டுறவருக்கு இன்னும் லைசென்சே இல்லையா?"

நான் மாட்டிக்கிட்டாருன்னு நெனச்சேன். அவரு அசரல.

"இருந்துச்சுங்க. பைபாசுல ஒரு நாள் கொஞ்சம் முறுக்கிட்டேன். அந்த வேகத்துல லைசென்ஸ்ல இருந்த என் போட்டோ பின்னாடி தங்கிருச்சு. சங்ககிரியில எடுத்துப் பார்க்குறேன், வெறும் அட்டை. அரை மணி நேரம் நின்னு பார்த்தேன், போட்டோ வந்து சேரல. அதான் புதுசா எடுக்கலாம்னு."

செழியன் அண்ணன் குடிச்சிட்டிருந்த டீ மூக்குல ஏறிருச்சு.

"வண்டி ஒசரமா இருக்குமாமே?"ன்னு இருமிக்கிட்டே கேட்டாரு.

"ஒசரமா! ஏறுறதுக்கே ரிக் வண்டி ஏணியத்தான் சாத்துவேன். மொத மொத ஏறின அன்னைக்கு நல்ல மழைங்க. தொப்பலா நனைஞ்சுகிட்டே ஏறுறேன், ஏறுறேன், சீட்டுல போய் உக்காந்து பார்த்தா பளிச்சுனு வெயில் அடிக்குது. மழை எனக்குக் கீழ பேஞ்சுகிட்டு இருக்குது."

எனக்கு அங்கதான் வாய் நிக்கல. என் கவலை எனக்கு. "அப்ப காலு எப்படிங்க ஊணுவீங்க?"

என்னை அப்பத்தான் பார்த்தாரு. "காலா? கேளு அம்மிணி. சிக்னல்ல நிக்கிறப்ப காலைத் தரையில வெக்கலாம்னு எறக்கி உடுவேன். அது போகும், போகும், போய்க்கிட்டே இருக்கும். தரையத் தொடறதுக்குள்ள பச்சை விழுந்துரும். மறுபடி மடக்கி மேல இழுக்கணும். எதுக்கு இந்த வெட்டி வேலைன்னு ஊணுறதையே உட்டுட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துச்சு. ரெண்டு நாளா மூஞ்சிய இறுக்கி வெச்சிருந்ததுல தாடை வலிச்சுச்சு.

கேக்க ஆளு கெடைச்சதும் மனுசன் கையுறையக் கழட்டி மடியில வெச்சுக்கிட்டாரு. ஹெட்லைட்டுக்குப் போயிட்டாரு.

"பல்லடத்துக்கு அக்கட்டால நாலு ஏக்கர் சூரியகாந்திக் காடு. மத்தியானம் ஒரு மணிங்க. சும்மா லைட்டைப் போட்டேன். அத்தனை பூவும் சடார்னு சூரியனை உட்டுட்டு என்னைப் பார்க்குது! நான் கெழக்க போனா கெழக்க திரும்புது, மேற்க போனா மேற்க திரும்புது. தோட்டக்காரரு ஓடியாந்து கையெடுத்துக் கும்பிட்டாரு, 'சாமி, நில்லுங்க, பூவுக்கெல்லாம் கழுத்து சுளுக்கிக்குச்சு'ன்னு. மனசு கேக்கல. சாயங்காலம் வரைக்கும் ஒக்காந்து ஒவ்வொரு பூவுக்கா எண்ணெய் போட்டு நீவி உட்டேன்."

"சூரியகாந்தி எண்ணெயா?"ன்னு டீச்சர் கேட்டாங்க.

"பின்ன? நல்லெண்ணெய் அதுங்களுக்கு ஒத்துக்காதுங்களே."

டீச்சர் மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாங்க. தோளு குலுங்குனதுல தெரிஞ்சுபோச்சு. அதுக்குள்ள டெஸ்ட்டுக்கு வந்திருந்த மத்தவங்களும் ஒவ்வொருத்தரா எங்க பெஞ்சைச் சுத்தி நிக்க ஆரம்பிச்சுட்டாங்க. கூட்டத்தைப் பார்த்ததும் அவரு கபடிக் கதைய எடுத்தாரு.

"போன ஆடி மாசம். கொல்லிமலை மேல விழா. பொம்பளப் புள்ளைங்க கபடி பைனலு, பன்னெண்டு மணிக்கு. நான் அடிவாரத்துல நிக்கிறேன். ஒரு டீமோட வேன் அங்க அச்சு ஒடஞ்சு கெடக்குது. ஏழு புள்ளைங்க, கோச்சம்மா ஒருத்தங்க. கேப்டன் சௌடேஸ்வரின்னு ஒரு புள்ள, அழுதுகிட்டே வருது. 'அண்ணா, பன்னெண்டு மணிக்குக் களத்துல இல்லைன்னா ஆடாமலே தோத்துருவோம். நாலு வருசமா இதுக்குத்தான் ஓடுறோம்'னு சொல்லுச்சு. மணி அப்ப பதினொன்னே முக்கால்."

"பதினஞ்சு நிமிசத்துல எழுபது கொண்டை ஊசி வளைவா!"ன்னாரு கூட்டத்துல ஒருத்தரு.

"அது இருக்கட்டும், எட்டு பேரை எங்க உக்கார வெச்சீங்க?"ன்னு செழியன் அண்ணன்.

"இந்த வண்டிக்கு ரெண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி இருக்குமுங்க, பார்த்திருப்பீங்க. இடது பெட்டியில நாலு புள்ளைங்க, வலது பெட்டியில மூணு புள்ளைங்களும் கோச்சம்மாவும். இடது பெட்டியில இருந்ததுங்க உள்ளயே ரெண்டு ரவுண்டு ஓடி உடம்பைச் சூடு பண்ணிக்கிச்சுங்க. அதுல ஒண்ணு வலது பெட்டியில இருக்குற சிநேகிதியப் பார்க்கணும்னுச்சு. அவ்வளவு தூரம் போயிட்டு வர நேரமில்ல கண்ணுன்னு சொல்லிட்டேன்."

கூட்டம் ஓன்னு சத்தம் போட்டுச்சு. அவரு கையமர்த்துனாரு.

"ஏறுறேன். வளைவு ஒண்ணு, ரெண்டு, மூணு, வண்டி பறக்குது. பதினஞ்சாவது வளைவுல பார்த்தா எனக்கு முன்னாடி ஒரு சிவப்பு லைட்டு. யாரோ வழி உடாம போறான். ஹாரன் அடிச்சேன். அவன் நகரல. நான் வேகமாப் போனா அவனும் வேகமாப் போறான். நான் மெதுவாப் போனா அவனும் மெதுவாப் போறான். எனக்குன்னா கோவம். இருபதாவது வளைவு, முப்பதாவது வளைவு, வாயில வந்ததெல்லாம் சொல்லித் திட்டுறேன். நாப்பதாவது வளைவுல எட்டி அவன் நம்பர் பிளேட்டைப் படிச்சேன். அட, எங்க அம்மாமேல சத்தியமா, அது என் நம்பருங்க! வண்டி நீளத்துக்கு, வளைவுல சுத்தி வந்து என் பின்லைட்டு எனக்கு முன்னாடி போயிட்டிருந்திருக்குது."

நான் பெஞ்சு விளிம்பைப் புடிச்சுக்கிட்டேன். கண்ணுல தண்ணி. டீச்சர் மட்டும் விரலை மடக்கிக் கணக்குப் போட்டுட்டு இருந்தாங்க.

"அப்படின்னா வண்டி நீளம் குறைஞ்சது முந்நூறு மீட்டர் வருமே?"

"சரியாத் தெரியலீங்க டீச்சர். டேப்பைப் புடிச்சுட்டு அளக்கப் போனவரு இன்னும் திரும்பி வரல."

"மேல போய்ச் சேர்ந்தீங்களா இல்லையா?"

"பதினொன்னு அம்பத்தெட்டுக்குக் களத்துல நிக்கிறேன். பெட்டியத் தெறந்து புள்ளைங்கள எறக்கி எண்ணுனா ஆறுதான் இருக்குது. ஒண்ணு வலது பெட்டி மூலையில தூங்கிருச்சு. எழுப்பிட்டு வர்றேன்னு உள்ள போன கோச்சம்மாவுக்கு வழி தெரியல. அம்பயரு விசிலை வாயில வெச்சுட்டாரு. ஏழாவது ஆளு எங்கன்னு கேக்குறாரு. சௌடேஸ்வரி என்னைப் பார்க்குது. நான் வண்டியப் பார்க்குறேன்."

"ஐயய்யோ,"ன்னாரு செழியன் அண்ணன்.

"அம்பயரு நேர்மையானவருங்க. ரூல் புஸ்தகத்தை எடுத்து முழுசாப் படிச்சாரு. ஆட்டக்காரருக்குச் சக்கரம் இருக்கக் கூடாதுன்னு எங்கயுமே இல்ல. ஆனா பேரு இல்லாம எழுதிக்க முடியாதுன்னாரு. சௌடேஸ்வரி உடனே 'குண்டுமல்லி, சார்'னு சொல்லிருச்சு."

"இப்பத்தானே வண்டிக்குப் பேரு வெக்கலன்னீங்க!" டீச்சர் விரலை நீட்டிட்டாங்க.

"நான் வெக்கலன்னுதானுங்க சொன்னேன். வெச்சது அந்தப் புள்ள."

டீச்சர் விரலை மடக்கிக்கிட்டாங்க.

"குண்டுமல்லி கபடி பாடப் போச்சுங்க. மத்த வண்டி ஸ்டார்ட் பண்ணா டுபுடுபுங்கும். இது எப்படிங்குது தெரியுமா? கபடிகபடிகபடிகபடி... மூச்சே உடல! எஞ்சினுக்கு ஏதுங்க மூச்சு? அந்தப் பக்கத்து ஏழு பேரும் வந்து மொத்தமாக் கட்டிப் புடிச்சாங்க. நல்லாப் புடிச்சாங்க, குத்தம் சொல்லக் கூடாது. ஆனா புடிச்சு என்ன பண்ண? முன் சக்கரம் அவங்க கடைசிக் கோட்டுல நிக்குது, பின் சக்கரம் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் எங்க எடத்துலயே இருக்குது. எங்க எடத்தை உட்டே போகாதவளை எப்படிங்க திரும்பி வரலன்னு சொல்லுவீங்க? ஏழு பேரும் அவுட்டு. போற வேகத்துல அம்பயரு மேல பட்டுச்சு, அவரும் அவுட்டு. மைக்செட்டுக்காரரு அவுட்டு. ஸ்கோர் எழுதுறவரும் அவுட்டு. எழுத ஆளில்லாம கடைசியில நானே எழுதுனேன்."

"எவ்வளவு எழுதுனீங்க?"

"நமக்கு எதுக்குங்க அநியாயம்? நியாயமா நாப்பத்திரெண்டு லட்சம் எழுதுனேன்."

கூட்டத்துல ஒருத்தரு அப்படியே தரையில உக்காந்துட்டாரு. டீச்சர் வாய்விட்டுச் சிரிச்சாங்க, அவங்க அப்படிச் சிரிப்பாங்கன்னு எனக்குத் தெரியாது. எனக்கு விலா எலும்பு நோவுது. அந்த நேரம் பார்த்து வெள்ளை ஜீப்பு உள்ள வந்துச்சு.

இன்ஸ்பெக்டர் மேடம் எறங்குனாங்க. யாரையும் பார்த்துச் சிரிக்கல. மொதப் பேரே என் பேரு.

வண்டியில ஏறுனேன். தரையில வெள்ளைக் கோட்டுல எட்டு. கிளட்ச்சை மெதுவா உட்டேன். மொத வளைவு வந்துச்சு. ரெண்டு தடவையும் அந்த எடத்துல நான் குனிஞ்சு முன் சக்கரத்தைத்தான் பார்த்தேன், பார்த்ததும் காலு எறங்கிருச்சு. இந்தத் தடவை வயித்துக்குள்ள சிரிப்பு இன்னும் குலுங்கிட்டே இருந்துச்சு. எங்கயோ எனக்கு முன்னாடி என் பின்லைட்டு போயிட்டிருக்குதுன்னு ஒரு கிறுக்குத்தனமான நெனப்பு. தலையத் தூக்கி, வளைவுக்கு அந்தக் கடைசியில அதைத் தேடுனேன். வண்டி என் கண்ணு போன பக்கமே திரும்புச்சு. நடுவுல வந்தேன், மறு வளைவு, அதுலயும் நிமிர்ந்தே பார்த்தேன். காலுன்னு எனக்கு ரெண்டு இருக்குறதே நெனப்புல இல்ல. கோட்டைத் தாண்டி நிறுத்துனப்பத்தான் காலு தரையில பட்டுச்சு.

"பாஸ்,"ன்னாங்க மேடம், எழுதிக்கிட்டே.

செழியன் அண்ணன் ரெண்டு கையையும் தூக்கிட்டாரு. நான் நேரா பெஞ்சுக்கு ஓடுனேன். அர்த்தநாரி அண்ணன் கையுறைய மாட்டிக்கிட்டு இருந்தாரு. விரலு ஒவ்வொண்ணும் தப்புத் தப்பா நுழையுது.

"என்னங்கண்ணா?"

"ஒண்ணுமில்ல கண்ணு." மைதானத்தைப் பார்த்தாரு. அப்புறம் மத்தவங்களுக்குக் கேக்காம சொன்னாரு: "வடக்க ரோட்டோரமா போர் போடுறப்ப, மலைக்குப் போற வண்டிங்க வரிசையாப் போகும். நான் மூஞ்சியெல்லாம் சேறோட நின்னு கையாட்டுவேன். ஒருக்கா ஒருத்தன் வண்டியில எழுந்து நின்னு திருப்பிக் கையாட்டுனான் பாரு... போன மாசம் கோயமுத்தூர் ஷோரூம்ல அதே வண்டியில ஏறி உக்காந்தேன். ரெண்டு காலும் எட்டல. ஆனா எறங்க மனசு வரல. வெளிய வந்து மொத வேலையா இந்த ஜாக்கெட்டைத்தான் வாங்குனேன்."

"அர்த்தநாரி!"ன்னு கூப்பிட்டாங்க.

எந்திரிச்சாரு. கிறீச் கிறீச்சுனு நடந்து போய், செழியன் அண்ணனோட நூறு சிசி வண்டியில ஏறுனாரு. ஹெல்மெட்டு மாட்டுனாரு. கூட்டம் கைதட்டுச்சு. வண்டி கெளம்புச்சு, கோட்டுக்குள்ள போச்சு, மொத வளைவுல சாஞ்சுச்சு, சாஞ்சுகிட்டே போச்சு. எஞ்சின் ரெண்டு தடவை விக்கி அணைஞ்சுருச்சு. அவரு காலை ஊணுனாரு, பூட்ஸ் வழுக்கிருச்சு, அத்தனை ஓடும் ஒண்ணா தரையில மோதுன சத்தத்துக்கு மரத்துல இருந்த காக்காயெல்லாம் பறந்துச்சு.

நாங்க ஓடிப்போய்த் தூக்குனோம். ஒரு கீறல் இல்ல. அதுக்காகத்தான அவ்வளவு ஓடு. ஆனா மூஞ்சி ரொம்பச் சின்னதாப் போயிருந்துச்சு. யாரும் சிரிக்கல.

மேடம் நிதானமா நடந்து வந்தாங்க. "கால் ஊணிட்டீங்க."

அவரு என்னைப் பார்த்தாரு. டீச்சரைப் பார்த்தாரு. சுத்தி நிக்கிற கூட்டத்தைப் பார்த்தாரு. மெல்ல மெல்ல அந்த மூஞ்சியில வெளிச்சம் ஏறுறத நான் கண்ணால பார்த்தேன்.

"அது காலில்லீங்க மேடம். சைடு ஸ்டாண்டு."

"விழுந்துட்டீங்க."

"விழல மேடம். நீங்க போட்டு வெச்சிருக்குற எட்டு நம்ம பழக்கத்துக்குச் சின்னதுங்க. நான் எட்டு போட்டா ஒரு வட்டம் நாமக்கல்லைச் சுத்தும், இன்னொரு வட்டம் ஈரோட்டைச் சுத்தும். நடு முடிச்சு கரெக்ட்டா இங்க, உங்க மைதானத்துல விழுகும். இப்ப விழுந்தது அந்த முடிச்சு. நாமக்கல் வட்டத்தைக் காலையிலயே முடிச்சுட்டுத்தான் வர்றேன். ஈரோட்டு வட்டம் ஒண்ணுதான் மிச்சம். ஜீப்பை எடுத்துக்கிட்டு என் பின்னாடியே வந்தீங்கன்னா, மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள போட்டுக் காட்டிருவேன்."

மேடம் பேனாவை உதட்டுல வெச்சுக்கிட்டு ஒரு நிமிசம் அவரையே பார்த்தாங்க. நிஜமாவே யோசிக்கிறாங்கன்னுதான் எனக்குப் பட்டுச்சு.

"ஈரோடு எங்க ஆபீஸ் லிமிட்டுல வராதுங்க,"ன்னு சொல்லிட்டு, அவரு விண்ணப்பத்துல குறுக்கால ஒரு கோடு போட்டாங்க. "அடுத்தது யாரு, திலகவதியா? வாங்க."